எங்கை நிண்டவர்?

ஆடி 28 – வாசகர் ஒருவர் எழுதியது

"களத்தில் நிற்காதவன் எழுதும் போர் நாவல் களவு. ஷெல் விழும்போது பங்கருக்குள் இருக்காதவனுக்கு அதை எழுத உரிமை இல்லை. விமர்சனம் செய்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எழுதியவர் எங்கே நின்றார் என்பதைத்தான். மொழி, நடை எல்லாம் பிறகு."

ஆடி 28, இரவு 10.40

மறுக்கிறேன். யாழ்ப்பாணத்தில் எந்தப் போர் நாவலுக்கு வெளியீட்டு விழா நடந்தாலும் இரண்டாவது பேச்சாளர் எழும்ப முன்னமே பின்வரிசையில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "உவர் எங்கை நிண்டவர்?" அடுத்தது எந்தப் பக்கம் நின்றவர். அதற்கடுத்தது எந்த ஆண்டு வெளிநாடு போனவர். மூன்றுக்கும் பதில் கிடைத்தால் தீர்ப்பும் கிடைத்துவிடும். புத்தகம் இன்னும் பிரிக்காத கட்டுக்குள் இருக்கும். எத்தனையோ வருடமாக இதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

ஸ்டீபன் கிரேனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. கிரேன் பிறந்தது 1871இல். அந்தப் போரைப் பற்றிய அவருடைய நாவல் 'த ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' 1895இல் புத்தகமாக வந்தபோது அவர் ஒரு சண்டையையும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அந்தப் போரில் நின்ற பழைய சிப்பாய்கள் இவர் எங்களில் ஒருவர் என்றே நம்பினார்கள். ஒரு கர்னல், கிரேன் என்னோடு அன்ரீட்டம் சண்டையில் நின்றவர் என்றே சொன்னாராம். அன்ரீட்டம் நடந்தது 1862இல்.

அதே நேரம், அதே போரில் நின்ற ஜெனரல் மெக்ளர்க் 1896இல் 'த டயல்' இதழில் கொதித்து எழுதினார். எங்கள் வீரர்களைக் கேலி செய்யும் புத்தகம் இது என்றார். முதல் சண்டையில் பயந்து ஓடும் பொடியனை அவரால் பொறுக்க முடியவில்லை. இரண்டு பேரும் களத்தில் நின்றவர்கள். ஒருவர் நாவலைக் கட்டிப்பிடித்தார், மற்றவர் மிதித்தார். நின்றது இரண்டு பேருக்கும் ஒரே கண்ணைக் கொடுக்கவில்லையே.

ஆடி 29, காலை

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். கிரேன் சும்மா இருந்து கற்பனை செய்யவில்லை. பழைய படைவீரர்களின் போர் நினைவுகள் 'செஞ்சுரி' இதழில் தொடராக வந்திருந்தன, அவற்றைத் தேடித் தேடி வாசித்தார். வாசித்துவிட்டு அலுத்துக்கொண்டார்: என்ன செய்தோம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், அந்த நேரம் உள்ளுக்குள் என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்கிறார்கள் இல்லையே என்று. அந்த இடைவெளிக்குள்தான் நாவல் வந்தது. 1897இல் கிரேக்க - துருக்கிப் போருக்கு நிருபராகப் போய் உண்மையான சண்டையைக் கண்ட பிறகு, தன் புத்தகம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னார்.

ஆடி 31, பின்நேரம்

எங்கள் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் இருக்கிறார். இயக்கத்தில் பதினொரு வருடம் நின்றவர். ஒரு கால் செயற்கைக் கால். போன வருடம் அவரிடம் ஒரு போர் நாவலைக் கொடுத்தேன். பெயர் வேண்டாம், இங்கே நன்றாகப் பேசப்பட்ட புத்தகம். மூன்று கிழமை கழித்து, கிறீஸ் பட்ட விரல் அடையாளத்தோடு திருப்பித் தந்தார்.

"எப்பிடி அண்ணை?"

"சண்டை எல்லாம் சரி. பேந்து பார்த்தன், முந்நூற்றுச் சொச்சம் பக்கத்திலை ஒருத்தனுக்கும் சொறி வரேல்லை."

டியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டே சொன்னார். காட்டுக்குள் இருந்த மாதங்களில் விரலிடுக்கெல்லாம் சொறி. இரவில் தூக்கம் வராததற்கு ஷெல்லை விட அதுதான் காரணம். காவலுக்கு நிற்கும்போது துவக்கைப் பிடித்த கையைச் சொறிய முடியாது. மழைக்குள் ஊறிய சப்பாத்து. ஒரே பருப்பு. அடுத்த சண்டை எப்போது என்று தெரியாமல் நாள்கணக்கில் பங்கர் வெட்டுவது. "சண்டை எண்டது ரெண்டு நாள் தம்பி. மிச்ச நாளெல்லாம் பங்கர் வெட்டுறதும் சொறியுறதும்."

குணா கவியழகனின் 'நஞ்சுண்டகாடு' (2014) பயிற்சி முகாமுக்குள் நடப்பது என்பதால் அதைப் பிறகு கொடுத்தேன். அதில் வரும் பசியையும் களைப்பையும் பற்றி நிறையக் கதைத்தார். சண்டைக் காட்சிகளை எண்ணி மதிப்பெண் போடும் எங்கள் விமர்சனங்களில் இந்தப் பக்கம் ஏன் வருவதே இல்லை?

ஆவணி 2, இரவு

ஜீன் நோர்டன் க்ரூவைப் பற்றி எழுதாமல் இந்த விசயத்தைப் பேச முடியாது. பிரெஞ்சுக்காரர், ஆசிரியர், வெர்டன் உட்பட முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளில் நின்றவர். போர் முடிந்த பின் தன் சகாக்கள் எழுதிய நினைவுக் குறிப்பு, நாட்குறிப்பு, கடிதம், நாவல் என்று சுமார் 300 புத்தகங்களை எடுத்து, 252 எழுத்தாளர்களை ஒவ்வொருவராக விசாரித்தார். எந்தப் படைப்பிரிவு, எந்த முனை, எந்தத் திகதி, எத்தனை நாள். 1929இல் 'தேமுவான்' என்ற பெரிய புத்தகமாக வந்தது. தமிழில் 'சாட்சிகள்' எனலாம்.

நம் வாசகர் கேட்கும் கேள்வியை உலகத்திலேயே மிகக் கடுமையாகக் கேட்டவர் அவர்தான். அதனால் அவரை என் பக்கத்துக்கு இழுப்பது கஷ்டம் என்று முன்பு நினைத்திருந்தேன். ஆனால் முடிவைப் பாருங்கள். 1916இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கொன்கூர் பரிசு பெற்ற ஆன்றி பர்புஸ்ஸின் 'லெ ஃபூ' நாவலை அவர் கிழித்துப் போட்டார். பர்புஸ் களத்தில் நின்றவர்தான்! நின்றவர்களும் பிணக்குவியல், இரத்த ஆறு, துப்பாக்கிக் கத்திச் சண்டை என்று பழைய கதைகளில் கேட்டதையே திருப்பி எழுதுகிறார்கள் என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு. மோரிஸ் ஜெனவுவாவை உச்சியில் வைத்தார். கண்டதை மட்டும், கண்ட அளவுக்கு மட்டும் எழுதியவர் என்பதற்காக.

பரணி வாசித்து வளர்ந்த நமக்கு இரத்த ஆறு புதிதில்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் களத்திலேயே கூழ் அட்டுக் குடிக்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் செயங்கொண்டார் அதைப் பாடியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அது அந்த இலக்கியத்தின் மரபு. முள்ளிவாய்க்காலைப் பற்றி எழுதும்போது கை தானாகவே அந்தக் கூழைக் கிண்டப் போவதுதான் பிரச்சினை.

ஆவணி 3

ஷெல் சத்தத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விசயம் அது, சொல்கிறேன்.

பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து அடித்தால் முதலில் தூரத்தில் 'டும்' என்று ஒரு சத்தம். அடித்த சத்தம். உடனே எண்ணத் தொடங்குவோம். எங்கள் வீட்டில் எண்ணுவது பெரியம்மா. விரலை மடக்கி மடக்கி, உதடு மட்டும் அசையும். பிறகு கூவல். தலைக்கு மேலால் கூவிக்கொண்டு போனால் அது தாண்டிப் போகிறது, எங்களுக்கு இல்லை. பிறகு வெடிப்பு. பெரியம்மா எண்ணிய தொகையை வைத்தே கோண்டாவிலா திருநெல்வேலியா என்று சொல்லுவார். அநேகமாகச் சரியாக இருக்கும். எங்கள் பங்கர் பலா மரத்துக்குக் கீழே, 'ட' வடிவம், மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை. மழைக்கு முழங்கால் வரை தண்ணீர் நிற்கும், தேரையும் நிற்கும்.

அதனால் ஒரு நாவலில் ஷெல் திடீரென்று கூவிக்கொண்டு வந்து எல்லோரும் கூவலைக் கேட்டு ஓடினால் எனக்கு உடனே தெரிந்துவிடும். பெரியம்மா எண்ணவில்லை, எழுதியவர் எங்கேயோ படத்தில் பார்த்திருக்கிறார்.

ஆவணி 3, இரவு 11.15

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். கொட்டடியில் வளர்ந்த நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினார். 1990இல் கோட்டைக்குள் இராணுவம் முற்றுகையில் இருந்த மாதங்களில் அவர்கள் வீட்டில் எண்ணுவதற்கு நேரமே இருக்கவில்லையாம். அடிக்கும் சத்தமும் விழும் சத்தமும் ஒன்றுதான். அந்தச் சண்டையில் கூவலைக் கேட்டதாகவே நினைவில்லை என்கிறார். பருத்தித்துறைக்காரர்களுக்குக் கடலில் இருந்து வந்தது, அது வேறொரு கணக்கு. அவ்ரோ விமானத்தில் இருந்து பீப்பாய்க் குண்டை உருட்டி விட்ட நாட்களில் எல்லோரும் மேலே அண்ணாந்துகொண்டு நின்றோம்.

ஆக, நான் பொய் என்று ஒதுக்கிய காட்சி இன்னொரு ஊரில் மெய்யாக இருக்கலாம். நான் நின்ற இடம் ஒரு பலா மரத்தடி. அதை வைத்துக்கொண்டு முழு யாழ்ப்பாணத்துக்கும் அளவுகோல் செய்யப் பார்த்திருக்கிறேன். இது எனக்குப் பெரிய பாடம்தான். எத்தனை நாவல்களை இந்தச் சத்தத்தை வைத்தே மூடி வைத்தேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆவணி 6

'மேற்கு முனையில் அமைதி'யைப் பற்றி ஒருவர் எழுதச் சொன்னார். ஜெர்மன்காரரான ரெமார்க் முதலாம் உலகப் போரைப் பற்றி எழுதிய அந்த நாவலை நான் 1993இல் வாசித்தேன். அட்டை இல்லாத ஆங்கிலப் பிரதி, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இரவல். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் எண்ணெய், அந்த விளக்கில் இரவுக்கு ஒரு மணித்தியாலம் என்று அப்பா கணக்கு வைத்திருந்தார்.

முதல் காட்சியே சாப்பாடு. 150 பேருக்குச் சமைத்திருக்கிறான் சமையல்காரன். முன்னணியில் இருந்து திரும்பி வந்தது 80 பேர். மிச்சச் சாப்பாட்டையும் தா என்று பொடியன்கள் சண்டை பிடிக்கிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் காய்கிறார்கள். திரும்பி வராத எழுபது பேரையும் அந்தச் சட்டி சொல்லிவிடுகிறது.

இதைச் சைக்கிள் கடை அண்ணைக்கு இன்று சொன்னேன். அவர் சில்லைச் சுற்றிக்கொண்டு கேட்டார். பிறகு, "ஓம், எங்களுக்கும் அப்பிடித்தான். சண்டைக்குப் போக முன்னம் இருந்த ஆள்கணக்குக்குத்தான் சாப்பாட்டுப் பார்சல் வரும். ஆனா மிஞ்சிறதை நாங்கள் ஒருத்தரும் தொடமாட்டம்," என்றார்.

கேட்டு நெஞ்சு அடைத்தது. ஜெர்மன் பொடியன்கள் சாப்பிட்டார்கள், நம் பொடியன்கள் தொடவில்லை. இப்படி ஒரு காட்சியைத் தமிழ் நாவல் எதிலும் நான் வாசிக்கவில்லை என்று எழுதலாம் என நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஆவணி 7, காலை

இன்று காலை பள்ளிக்கூடம் போகும் வழியில் அண்ணை கையைக் காட்டி மறித்தார். கடை இன்னும் திறக்கவில்லை.

"தம்பி, நேற்றுச் சொன்னது பொய். சாப்பிட்டனாங்கள். பசி. செத்தவன்ரை பார்சலைப் பிரிச்சுச் சாப்பிட்டனாங்கள். இரவு முழுக்க யோசிச்சன், ஏன் அப்பிடிச் சொன்னனான் எண்டு."

வேறொன்றும் சொல்லவில்லை. பூட்டைத் திறந்து தகரத்தைத் தூக்கினார்.

ஆவணி 7, இரவு

காலையில் இருந்து இதே நினைவு. பதினொரு வருடம் நின்ற மனிதர். பொய் சொல்லும் ஆளும் இல்லை. ஆனால் கேட்டவுடன் வாயில் வந்தது நடந்தது இல்லை, நடந்திருக்க வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் விரும்புவது. உண்மை வர ஒரு இரவு எடுத்தது. அந்த இரவு இல்லாவிட்டால் முதல் சொன்னதையே நான் எழுதியிருப்பேன், நீங்களும் நின்றவர் சொன்னது என்று நம்பியிருப்பீர்கள்.

'போரும் அமைதியும்' வந்தபோது நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. டால்ஸ்டாய் பிறந்தது 1828இல், நாவலில் வரும் பொரடீனோ சண்டை, நெப்போலியனோடு ரஷ்யர்கள் பிடித்தது, 1812இல். அந்தச் சண்டையில் காலை இழந்த நோரொவ் என்ற முதியவர் 1868இல் நாவலைக் கண்டித்து எழுதினார். ரஷ்யத் தளபதி குத்தூசொவ் அந்த நாட்களில் பிரெஞ்சு நாவல் வாசிப்பதாக டால்ஸ்டாய் எழுதியது அவருக்குப் பொறுக்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் யாருக்கு நாவல் வாசிக்க மனம் வரும் என்பது அவர் வாதம். அவர் இறந்த பிறகு அவருடைய நூலகத்தில் ஒரு பழைய நாவல் கிடைத்தது. 1812 செப்டெம்பரில், மொஸ்கோவில் காயப்பட்டுச் சிறைப்பட்டிருந்தபோது வாசித்தது என்று அவர் கையாலேயே உள்ளே எழுதியிருந்தது. ஐம்பத்தாறு வருடத்தில் மனம் அதை அழித்துவிட்டது.

அண்ணை ஒரே இரவில் மீட்டெடுத்தார். அவர் மேல் எனக்கிருந்த மரியாதை கூடியிருக்கிறது.

ஆவணி 10

"ரெமார்க் நின்றவர்தானே, அதனால்தான் அந்த நாவல் நின்றது" என்று ஒருவர். இல்லை. 1917 ஜூன், ஜூலை என்று சில கிழமைகள்தான் முன்னணியில் இருந்தார், ஜூலை 31இல் காயப்பட்டார். புத்தகம் 1929இல் வந்தவுடன் எதிரிகள் பிடித்த முதல் ஆயுதமே இந்தக் கணக்குத்தான். எத்தனை கிழமை நின்றான், எந்தப் பிரிவு, உண்மையில் சண்டை பிடித்தானா? பிறகு 1930 டிசம்பரில் பெர்லினில் அந்த நாவலின் படத்தைத் திரையிட்டபோது நாசிக் கட்சியின் கோயபல்ஸுடைய ஆட்கள் கொட்டகைக்குள் வெள்ளெலிகளை விட்டார்கள், நாற்றக் குண்டு போட்டார்கள். 1933 மே 10இல் புத்தகத்தை நெருப்பில் போட்டார்கள். ரெமார்க்கின் தங்கை எல்ஃப்ரீடே 1943இல் தலை வெட்டப்பட்டார்.

வியட்நாமியரான பாவோ நின் வருடக்கணக்காக நின்றவர். 500 பேர் கொண்ட இளைஞர் படையணியில் தப்பியது பத்துப்பேர், அதில் ஒருவர். அவருடைய 'போரின் துயரம்' நாவலுக்கு 1991இல் எழுத்தாளர் சங்கம் பரிசு கொடுத்தது. அவ்வளவு நின்றவருக்காவது அதோடு விட்டார்களா? வெற்றியைக் கேவலப்படுத்திவிட்டான் என்று திட்டினார்கள். பல வருடம் அந்தப் புத்தகம் அங்கே மறுபதிப்பு இல்லாமல் கிடந்தது.

நிற்காதவனிடம் ஏன் நிற்கவில்லை என்பார்கள். கொஞ்சம் நின்றவனிடம் ஏன் கொஞ்சம் என்பார்கள். முழுக்க நின்றவனிடம் ஏன் இதைச் சொன்னாய் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் கோவிந்தனின் 'புதியதோர் உலக'த்தை (1985) மதிக்கும் பலர் மலரவனின் 'போர் உலா'வைத் தொடமாட்டார்கள். 'போர் உலா'வை நெஞ்சோடு வைத்திருப்பவர்கள் மற்றதைத் துரோகம் என்பார்கள். ஒன்று இயக்கமொன்றுக்குள் நடந்த கொடுமையை உள்ளே இருந்து சொன்னது. மற்றது 1990இல் மாங்குளம் முகாம் தாக்குதலுக்குப் போன பயணத்தை, 1992இல் மடிந்துவிட்ட ஒரு இளைஞன் எழுதியது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்த மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் கேட்ட கேள்விகள் எந்தக் கூட்டத்திலும் கேட்காதவை. இரண்டு புத்தகத்திலும் இரவு நடை வருகிறதே சேர், ஏன் ஒன்றில் பயம் வெளியில் இருந்து வருகிறது, மற்றதில் பக்கத்தில் நடப்பவனிடமிருந்து வருகிறது என்று ஒரு பிள்ளை கேட்டாள். பதினேழு வயது.

ஆவணி 11

நிற்காதவர் எழுதிய இலங்கை நாவல் ஒன்று: நிஹால் டி சில்வாவின் 'த ரோட் ஃப்ரம் எலிஃபன்ட் பாஸ்', இலங்கையில் ஆங்கில எழுத்துக்குக் கொடுக்கும் கிரேஷியன் பரிசு 2003இல் பெற்றது. ஆனையிறவு விழும் நேரத்தில் ஒரு இராணுவக் கப்டனும் ஒரு பெண் புலியும் வில்பத்துக் காட்டுக்குள்ளால் நடக்கும் கதை. காடு அவருக்குக் கைரேகை மாதிரித் தெரியும். பறவை, தடம், நீர்க்குழி எல்லாம் அச்சொட்டு. அந்தப் பெண் பேசுவதுதான் எனக்கு ஒட்டவில்லை, வகுப்பறை விவாதம் மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அப்படிப் பேசமாட்டாள். 2006இல் அதே வில்பத்துவில் கண்ணிவெடியில் டி சில்வா இறந்தார். அந்தச் செய்திக்குப் பிறகு நாவலின் காட்டுப் பக்கங்களைச் சாதாரணமாக வாசிக்க முடியவில்லை.

ஆவணி 15

நாலு நாளாக ஒன்றும் எழுதவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் வீட்டில். அதோடு இன்னொரு விசயம். அதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

பக்கத்து வீட்டு மாமிக்குக் கண்புரை. நாலு மாதமாகப் பின்னேரங்களில் அவருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். அவருடைய மகனை 2009 மே மாதத்துக்குப் பிறகு காணவில்லை. வட்டுவாகல் பாலத்தைக் கடந்து இராணுவத்தின் பக்கம் போனதைக் கண்டதாக இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பொலித்தீன் கோப்பு வைத்திருக்கிறார். பிறப்புச் சான்றிதழ், உயர்தரப் பரீட்சை அடையாள அட்டை, ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த கடிதங்களின் பிரதிகள். மேலே, பிளாஸ்டிக் உறை போட்ட படம். வெயிலில் பிடித்துப் பிடித்து உறை மஞ்சளாகிவிட்டது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார் போராட்டம் தொடங்கிய பிறகு, பஸ் எடுத்துப் போய் அங்கே இருந்துவிட்டு வருவார். இப்போது முழங்கால் விடுவதில்லை.

முதலில் தமிழ்க்கவியின் 'ஊழிக்கால'த்தை வாசித்தோம். பிறகு வேறு சில. மாமிக்கு நாவல் வாசிக்கும் பழக்கமே முன்பு இல்லை. ஏன் போர்ப் புத்தகமாகக் கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. மறக்க முடியாமல் கேட்கிறார் என்று என் பாட்டில் நினைத்துக்கொண்டேன்.

போன செவ்வாய் ஒரு நாவலில் வட்டுவாகல் அத்தியாயம். உயரமான ஒரு பொடியன், இடது புருவத்தில் தழும்பு, வயதான ஒருவரைத் தோளில் தாங்கிக்கொண்டு பாலத்தைக் கடக்கிறான். மாமி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"திகதி போட்டிருக்கோ?"

போட்டிருந்தது. சொன்னேன்.

"காலமையோ பின்னேரமோ? எந்தப் பக்கத்தாலை ஏத்தினவை எண்டு இருக்கோ? பஸ்ஸின்ரை நிறம்?"

அப்போதுதான் விளங்கியது. நாலு மாதமாக மாமி தேடிக்கொண்டிருந்திருக்கிறார். வாசித்த ஒவ்வொரு புத்தகத்தையும் சாட்சியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மகனுக்கும் இடது புருவத்தில் தழும்பு இருக்கிறது.

ஆவணி 16

இந்த இழையைத் தொடங்கிய வாசகருக்கு.

முதல் நாள் நான் உங்களை மறுத்த வேகத்தை இன்று வைத்திருக்க முடியவில்லை. உரிமை பற்றி நீங்கள் சொன்னதை இப்போதும் ஏற்கவில்லை. கிரேனும் டால்ஸ்டாயும் இருக்கும்வரை ஏற்கமாட்டேன். ஆனால் ஒரு நாவலாசிரியர் திகதியை மாற்றினால் என்ன, இடத்தை மாற்றினால் என்ன, அது புனைவுதானே என்று நானே மேடையில் பேசியிருக்கிறேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கும் ஊரில் அந்தத் திகதியை யாரோ கொப்பியில் எழுதி வைப்பார்கள். ஜெனரல் மெக்ளர்க் கோபித்தது மானத்துக்காக. மாமி கேட்பது பஸ்ஸின் நிறத்தை.

பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்சியேவிச்சின் வழக்கும் இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. ஆப்கானிஸ்தான் போரில் துத்தநாகப் பெட்டியில் திரும்பி வந்த பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்துக்கு எதிராக மின்ஸ்க் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது, தீர்ப்பு 1993இல். வழக்குப் போட்டவர்களில் அவரிடம் வாய் திறந்து பேசிய தாய்மாரும் இருந்தார்கள். என் பிள்ளையை மாற்றி எழுதிவிட்டாய் என்றார்கள். அது நாவலே இல்லை, வாக்குமூலங்களின் தொகுப்பு. அந்தத் தாய்மாரைப் பின்னால் இருந்து யாரோ தூண்டிவிட்டார்கள் என்று மட்டும் முன்பு நினைத்தேன். தூண்டுதலும் இருந்திருக்கும். அதைத் தாண்டி ஒரு தாய்க்கு ஒரு வரி மாறினாலும் என்ன நடக்கும் என்பதைப் போன செவ்வாய்தான் கண்டேன்.

ஆவணி 16, பிறகு

புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய தாய் (278) களத்துக்குப் போய், வாளோடு பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். வகுப்பில் இத்தனை வருடமும் நான் அழுத்திச் சொன்னது அவளுடைய பெருமிதத்தை. மகன் முதுகில் புண்படவில்லை, பெற்ற நாளிலும் பெரிதாக மகிழ்ந்தாள் என்று. இன்று பாட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவள் புரட்டுகிறாள். தேடுகிறாள். சிதைந்து வேறாகிய உடலானாலும் அவளுக்கு அவன் கிடைத்துவிடுகிறான். அடுத்த தவணை இந்தப் பாடத்தை வேறு மாதிரி நடத்தப் போகிறேன்.

ஆவணி 18

மாமி கேட்டதால் அந்த நாவலாசிரியருக்கு எழுதினேன். தழும்புள்ள பொடியன் உண்மையான ஆளா, எங்கே கண்டீர்கள், எந்த நேரம் என்று. படத்தையும் அனுப்பினேன். அவர் களத்தில் நின்றவர், இப்போது ஐரோப்பாவில் இருக்கிறார். என் கடிதத்தைப் படித்து எரிச்சல்படுவார் என்று பயந்தேன்.

ஆவணி 21, இரவு

பதில் வந்தது. நீண்ட பதில், மரியாதையான பதில். அந்தப் பாத்திரம் தான் கண்ட மூன்று பேரைச் சேர்த்து எழுதியது என்கிறார். தழும்பு ஒருவருடையது, முதியவரைத் தாங்கியது இன்னொருவர், உயரம் மூன்றாமவருடையது. திகதி உண்மை. மூவரில் இருவரின் இயக்கப் பெயர் மட்டும் தெரியும், ஒருவரின் பெயர் தெரியாது. படத்தில் இருப்பவரை ஞாபகமில்லை, மன்னித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று முடித்திருந்தார்.

மூன்று பேரை ஒருவராக்குவது எந்த நாவலாசிரியரும் செய்வதுதான். நான் வகுப்பில் அதைத் திறமை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இதை எப்படி மாமியிடம் சொல்வது?

ஆவணி 22

சொன்னேன். முற்றத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடிதத்தை முழுதாக வாசித்துக் காட்டினேன், ஒரு சொல்லும் விடவில்லை. நடுவில் கையை நிறுத்தினார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"மூண்டு பேரெண்டால், அதிலை ஒண்டு என்ரை பிள்ளையா இருக்கலாம்தானே தம்பி?"

"இருக்கலாம் மாமி."

"தழும்புக்காரன்ரை பெயர் தெரியுமாமோ?"

தெரியாத ஒருவர் தழும்புக்காரர்தான். சொன்னேன்.

ஆவணி 23, பின்நேரம்

வட்டுவாகல் அத்தியாயத்தை இன்று மறுபடி முதலில் இருந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு திகதியையும், தெரிந்த இரண்டு இயக்கப் பெயர்களையும், மூன்றாவது வரியில் 'பெயர் தெரியாது, இடது புருவத்தில் தழும்பு' என்பதையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். கோப்பைத் திறந்து, ஆணைக்குழுக் கடிதங்களுக்குப் பின்னால் வைத்தார்.